இரட்டை வாரங்கள்

மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே
சாம்பல் நிறத்தில் ஒரு பட்டி.
இடுப்புப்பட்டியைவிட அகலம், அப்பளத்தைவிடக் கொஞ்சம் தடிப்பு.
தோலில் ஒட்டுவதில்லை. வயர் இல்லை. சத்தம் இல்லை.
இரவு பத்திலிருந்து காலை ஏழுவரை எண்ணும்.
"மறந்துவிடுங்கள், அதுதான் இதற்கு வேண்டியது"
என்றார் டொக்டர் எஷ்லிமன்.
மூன்றாம் நாள் மறந்தேன்.

வேலையில் ஒருதரம் மயங்கி விழுந்தேன், அவ்வளவுதான்.
சாப்பிடாமல் போயிருந்தேன்.
ஆனால் இந்த நாட்டில் விழுந்தவனைத் தூக்கிவிட்டு
அப்படியே அனுப்பமாட்டார்கள்.
படிவம் நிரப்புவார்கள்,
பீல் நகரமென்பதால்
ஜெர்மனில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று.
இரவு வேலை பற்றி இரண்டிலும் கேள்வி இல்லை.

ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் இரத்தத்தை மேலே எறிய
உடம்பு ஒரு மயிரிழை கீழே உதைபடுமாம்,
துவக்கு வெடிக்கையில் தோளில் இடிக்குமே, அப்படி.
(அவருக்கு அது புத்தகத்தில் கிடைத்த உவமை.
நான் தலையாட்டினேன்.)
அந்த உதையைத்தான் பட்டி எண்ணுகிறது.

என் தொழிலும் ஏறத்தாழ அதுதான்.
போட்ஸிங்கன் பக்கத்துத் தொழிற்சாலையில்
மூடி போடாத கைக்கடிகாரத்தை
மைக்கின்மேல் வைத்துக் காதுகொடுக்கும் இயந்திரம்,
அதன் முன்னால் நான்.
நொடிக்கு எட்டு அடி.
முகம் மேலே, முகம் கீழே,
குமிழ் இடப்பக்கம், வலப்பக்கம், மேலே, கீழே:
ஆறு விதமாய்க் கிடத்திப் பார்ப்போம்.
சில, மல்லாந்தால் சரியாய் ஓடும்
ஒருக்களித்தால் பிந்தும்,
மனுசரைப்போல.
ஒரு வாரம் பகல். ஒரு வாரம் இரவு.

முப்பது நாள் முடியக் கூப்பிட்டார்.
பவளராணியும் வந்தாள், அரைநாள் லீவு போட்டு.
திரையில் என் இரவுகள் அடுக்கடுக்காய்.
"ஒற்றை வாரங்களில் ஒரு குறையும் இல்லை.
இரட்டை வாரங்களில் துடிப்பு விட்டுவிட்டு வருகிறது.
விடிய மூன்று மணிக்கு மிக மோசம்.
இதைப் பாருங்கள்: நான்கு துடிப்பு, ஒரு பள்ளம்,
பிறகு பஸ்ஸைத் தவறவிட்டவன் ஓடுவதுபோல."

இரட்டை வாரங்களில், விடிய மூன்று மணிக்கு,
நான் தொழிற்சாலையில் நிற்பேன் என்றேன்.

பேனையை மேசையில் வைத்தார்.
"அப்படியானால் உங்கள் கட்டிலில் யார்?"

சிரிப்பு வரவேண்டிய இடம். தாதி சிரித்தும்விட்டாள்.
பவளராணி தன் சப்பாத்து நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஜெர்மன் என்னைவிட அவளுக்கு நன்றாக வரும்.
ஆனால் தமிழில்தான் சொன்னாள்,
என்னிடம்கூட இல்லை, நாடாவிடம்:
"இவர் இல்லாத நாளில் அந்தப் பக்கம்தான் படுப்பேன்.
கதவுக்குக் கிட்ட."

பத்தொன்பது வருடம்.
அவளுடைய தலையணை காலையில்
ஒரு மடிப்பும் கலையாமல் உப்பியிருந்ததைத்
துப்புரவு என்று நினைத்திருந்தேன்.
என் பக்கத்துச் சூட்டை
ரேடியேட்டர் என்று.

டொக்டர் திரும்பவும் தொடக்கத்திலிருந்து பார்த்தார்.
அதே கோடு, வேறு ஆள்.
"காலை ஆறு இருபதுக்கு" என்றார், விரலால் தொட்டு,
"ஒவ்வொரு நாளும் ஒரு துள்ளல்.
பிறகு தானாகவே சீராகிவிடுகிறது. அலாரமா?"

ஆறு இருபதுக்கு
பஸ்ஸால் இறங்கி மூன்று மாடி ஏறி
நான் கதவில் திறப்புப் போடுவேன்.
நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.
அலாரம் என்று எழுதிக்கொண்டார்.

இப்போது அவளுக்குக் காலையொரு குளிசை, இரவொரு குளிசை.
பட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது.
நான் வீட்டில் இருக்கும் இரவுகளிலும்
சிலவேளை இந்தப் பக்கம் வந்துவிடுகிறாள்.
அது குழம்பிப்போய்
"தெளிவில்லை" என்று எழுதிவைக்கிறது.

நேற்று விடிய மூன்று மணி.
போன் பார்க்கத் தடை.
மைக்கின்மேல் ஒரு சின்னப் பெண்கள் கடிகாரம்,
ஆறாவது கிடப்பு.
பச்சை விளக்கு எரிந்தும் நான் எடுக்கவில்லை.
"பிழையா?" என்று கேட்டான் அடுத்த மேசை லோரான்.
இல்லை, ஒன்றுமில்லை,
இன்னும் கொஞ்சம் கேட்கிறேன் என்றேன்.