இரண்டு பல் குறைத்து

பெட்டியைப் பிரித்தபோது
மூன்று இதழும் பளபளவென்று முகம் காட்டியது.
ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். விலை கேட்காதீர்கள்.
நடுக்குமிழில் பொறித்திருந்த எண் இருபத்தொன்று.

இருபத்தொன்று என்றால்
ஒரு சுற்றுக்கு இருபத்தோரு அங்குலம்
நீரைத் துளைத்துப் போகவேண்டும்,
பலகையில் திருகாணி ஏறுவதுபோல.
நீர் பலகை இல்லை, நழுவும்.
நழுவலையும் கணக்கில் எழுதவேண்டும்.

தூத்துக்குடியில் இதே எஞ்சின் இதே புரொப்பெல்லரோடு
ஐயாயிரத்து ஐந்நூறு சுற்றியது.
நானே மீட்டரைப் பார்த்தேன்.
பைக்காராவில் நாலாயிரத்து நானூறைத் தாண்டவில்லை.
மூக்கை வானத்துக்குத் தூக்கி
பின்புறம் அமிழ்ந்து
ஸ்பீடு போட் ஏரியை உழுதது.
கரையில் இருந்த குரங்குகூட
திரும்பிப் பார்க்கவில்லை.

பெட்ரோலில் கலப்படம் என்றார் மேனேஜர் தேவசகாயம்.
பிளக்கை மாற்றுங்கள் என்றது போனில் ஒரு குரல்.
ஜோகி மட்டும்
ஜெட்டிப் படி இருபது ஏறியதற்கே
நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு,
"எஞ்சினும் கீழ்நாட்டு ஆளுதானே அண்ணா" என்றான்.

அதேதான்.
ஏழாயிரம் அடிக்குச் சற்றே குறைவு.
காற்று இங்கே மோர்போல.
நூற்றுப் பதினைந்து குதிரைகளில்
இருபதுக்கு மேல்
பர்லியாறு வளைவுகளிலேயே இறங்கிக்கொண்டன.
மிச்சக் குதிரைகளுக்கு
இருபத்தோரு அங்குல எட்டு ரொம்பப் பெரியது.

கொச்சியிலிருந்து பஸ் பார்சலில் வந்தன இரண்டு,
பத்தொன்பதும் பதினேழும், கறுப்புப் பூச்சு அலுமினியம்.
பத்தொன்பது அரைமனசாக ஓடியது.
பதினேழில்
பிடரியைப் பிடித்துத் தள்ளியதுபோல் எழும்பி
ஐயாயிரத்து இருநூறு.
சின்ன எட்டுதான். ஆனால் ஓட்டம்.
ஜோகியின் தொப்பி தண்ணீரில்.

போதும் என்றிருக்கலாம். மனசு கேட்கவில்லை.
மோட்டாரை ஒரு துளை உயர்த்திப் பூட்டினேன்,
இன்னும் நூற்றைம்பது.
இன்னொரு துளை உயர்த்தினேன்,
திருப்பத்தில் மேற்பரப்புக் காற்றைக் குடித்துவிட்டு
அடிப்படை தெரியாத மேடைப் பாடகன்போல் அலறியது,
படகு நின்ற இடத்தில் நின்றது.
இறக்கினேன்.
பேராசைக்கும் முக்கால் அங்குலம்தான் அளவு.

காலிப் படகு எல்லாம் செய்யும்.
சீசனில் ஏறப்போவது குடும்பங்கள்.
எடைக்கு ஆள் எங்கே?
மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற
தன் தம்பி லாரியை வழிமறித்தான் ஜோகி.
எட்டு மூட்டை உருளைக்கிழங்கு
சீட்டுக்கு ஒன்றாக உட்கார்ந்தது.
லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரும் ஏறக்கூடாது,
விதி விதிதான் என்றார் தேவசகாயம்.
எட்டுக்கும் மாட்டிக் கொக்கி போட்டோம்.
ஆரஞ்சு நிறத்தில் எட்டுப் பேர்
ஏரியைச் சுற்றி வந்தார்கள்,
ஒருவரும் கத்தவில்லை, போட்டோ எடுக்கவில்லை.
ஐயாயிரத்து ஐம்பது.
அது போதும்.

ஸ்டீலை ஏன் விட்டீர்கள் என்று ஆடிட்டில் கேட்டார்கள்.
மே மாதம் தண்ணீர் மின்சாரமாகப் போய்விடும்.
அடியில் பழைய மரங்களின் வேர்க்கட்டை
ஒரு சாண் கீழே காத்திருக்கும்.
மோதினால் அலுமினிய இதழ் மடங்கும், மாற்றிவிடலாம்.
ஸ்டீல் மடங்காது,
அடியை அப்படியே கியருக்கு அனுப்பும்.
எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து கேட்டார்கள், போட்டேன்.

முதல் நாள், முதல் நடை.
ஈரோட்டுக் குழந்தையொன்று
சீட்டுக்கடியில் கைவிட்டு
ஒரு கிழங்கை எடுத்து
"அம்மா, மீனு!" என்றது.

இருபத்தொன்றை மடியில் வைத்துக்கொண்டு
மாலை பஸ்ஸில் இறங்கினேன்.
கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தபடி
ஃபேனா அண்ணே என்றார்.
ஆமாம் என்றேன்.
பர்லியாறு தாண்டும்போது
அடைத்த காது பட்டென்று திறந்தது.