ஈரம் கழித்து

லெபோ பசாரில் மழை.
இந்த வாரத்தின் பதினேழாவது தராசு.
கையுறை மாட்டி
ஒரு கிலோ எடைக்கல்லைத் தட்டில் வைக்கிறேன்.
ஆயிரம். பிசகில்லை.
நெய்னா மரைக்காயர்
பரீட்சையில் தேறிய பிள்ளையின் தகப்பனைப் போலத்
தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.

முத்திரை ஒட்டியாயிற்று, கையெழுத்தும் ஆயிற்று.
பிறகுதான் தோள்பையின் அடியிலிருந்து
என் கூறைப்புடவையை எடுத்தேன்.
(சட்டப்படி தவறில்லை. விசாரித்துவிட்டேன்.)

எண்ணூற்றுப் பன்னிரண்டு என்றது
நானே சான்று கொடுத்த தராசு.
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
"மழை நாளு. அறுபது கழிச்சுக்குவோம்மா.
பட்டு காத்துல உள்ள தண்ணியக் குடிக்கும்.
குடிச்சது முகத்துல தெரியாது."

எனக்குத் தெரியாததா?
ஐரோப்பியச் சந்தைகளில் ஒரு காலம்
இதற்கென்றே அடுப்பு வைத்த மாளிகைகள் இருந்தன.
பொதிக்கு ஒரு பிடி உருவி, எலும்பு வரை உலர்த்தி,
நூற்றுக்குப் பதினொன்று ஈரம்
என்று சேர்த்து எழுதினார்கள்.
அதற்கு மேல் நனைந்திருந்தால் திருட்டு.

இன்னொன்றும் படித்திருக்கிறேன்.
புழுவின் பசையைக் கழுவினால்
கால்வாசி எடை போய்விடும்.
போனதை மீட்க, நெய்த துணியை
வெள்ளீய உப்பில் ஊறப்போட்டார்களாம்.
வெள்ளீயம்!
டத்தோ கிராமாட் உலையில் உருகி
பிக்குல் கணக்கில் கப்பலேறிய
கிந்தா மண்ணின் ஈயம்
எந்தச் சீமாட்டியின் மடிப்பில்
பட்டு என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்ததோ.
பொய் எடை சுமந்த அந்தத் துணிகள்
பெட்டிக்குள், யாரும் தொடாமலே கிழிந்தன.

என்னுடையதையும் ஆறு வருடமாக யாரும் தொடவில்லை.
கிழியவில்லை.

மரைக்காயர் ஜரிகையைக் கல்லில் உரசுகிறார்.
அடுத்த கடை மருந்துக்காரர்
எதையோ தஹில் கணக்கில் பேரம் பேசுகிறார்.
பழைய நகை ரசீதுகளில் 'மாயம்' என்றே ஓர் அளவு உண்டு.
என் தாலி எத்தனை மாயம் என்று
அப்போது நான் கேட்டிருக்கலாம்.

சட்டைப்பையில் ஒரு மஞ்சாடி,
வரும் வழியில் பொறுக்கியது.
மலாய்க்காரர்கள் சாகா என்பார்கள்.
நாலு சேர்ந்தால் ஒரு கிராம்.
ஒரு புழு தன்னைச் சுற்றி உமிழும் இழை
கொம்தார் கோபுரத்தை
இரண்டு முறை ஏறி இறங்கும்.
அத்தனையும் எடை போட்டால்
இந்த ஒற்றை விதை.
அப்படியென்றால் இந்தப் புடவையில்
எத்தனை பேர் வெந்தார்கள்?
கணக்குப் போட வரும். போடவில்லை.

எழுநூற்று ஐம்பத்திரண்டு என்று எழுதினார்.
"அந்த அறுபது யாருக்கு?" என்றேன்.
"யாருக்கும் இல்லம்மா. இனி வெள்ளிய மட்டும் எடுக்கணும்.
பட்டு எரிஞ்சிரும்."

பணத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.
தெருவில் இறங்கியபோது
பை எண்ணூற்றுப் பன்னிரண்டு கிராம் குறைந்திருக்க வேண்டும்.
உணர முடியவில்லை.
தோளுக்கு இன்னும்
யாரும் முத்திரை வைக்கவில்லை.