நாற்பத்து மூன்று

புதுவயல் அரிசி ஆலை, இரவு ஷிஃப்ட்.
இரண்டு பத்துக்கு
தேய்மானம் கேட்டிருக்கிறான் அடைக்கலம்.
பாட் சரியாகத்தான் சொன்னது.
"நண்றி" என்றான்.
"மன்னிக்கவும், புரியவில்லை.
பாடத்துக்கு 1, தேர்வுக்கு 2, கட்டணத்துக்கு 3."

காரைக்குடியில் உட்கார்ந்து பதிவுகளைத் தள்ளுகிறேன்.
இந்த மாதம் நாற்பத்து மூன்று பேர்.
தேங்ஸ், டாங்ஸ், ஒரு கும்பிடு பொம்மை.
எல்லாருக்கும் அதே மன்னிக்கவும்.

நூற்றெண்பது கேள்விக்கு விடை எழுதியவள் நான்.
இது கேள்வியே இல்லையே.

"வரவேற்கிறோம்":
ஜவுளிக்கடை வாசல் மாதிரி இருந்தது.
"மகிழ்ச்சி": யாருக்கு?
நம்மூரில் நன்றிக்கு
யார் பதில் சொல்லியிருக்கிறார்கள்?

"இருக்கட்டும். போய்த் தூங்குங்க"
என்று அடித்தேன்.
பிறகு
ஆலையில் இன்னும் மூட்டை ஏறிக்கொண்டிருக்குமே என்று
இருக்கட்டும் மட்டும் விட்டு
மிச்சத்தை அழித்தேன்.