பத்து டாலர், இருட்டும் வரை

பூங்காவின் சொந்த பார்க்கிங்கில் முப்பத்தைந்து.
வாசலை ஒட்டி வேண்டுமென்றால் அறுபது.
என் வீட்டுப் புல்தரையில் பத்துதான்,
ஆனால் முக்கால் மைல் நடக்க வேண்டும்.
அட்டையில் அதையும் எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

ஏரிக் காற்றோடு வந்து இறங்குகிறவர்கள் கேட்பார்கள்:
வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட மாட்டார்களே?
மழை வந்தால் சக்கரம் புதையுமா?
மேப்பிள் மரத்தடியில் எச்சம் விழுமா?
விழும் என்பேன்.
பூட்டினோமா என்று பாதி வழியிலிருந்து
ஓடிவந்தாள் ஒருத்தி.
பூட்டித்தான் இருந்தது.
கோபம் என் மேல்.

நேற்று டொலீடோவிலிருந்து ஒரு நீல வேன்.
நிற்பதற்குள் குதித்து ஓடிய பையனின் பெயர்
காஸ்பர் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது.
அப்பா நின்று படமெடுத்தார்:
வேலி, தபால் பெட்டி, கதவு எண்,
எதற்கும் இருக்கட்டுமென்று என்னையும்.

பதினொன்றரைக்கே திரும்பிவிட்டார்கள்.
இரண்டு அங்குலம் உயரம் போதவில்லையாம்.
அந்த ஒரு ரோலர் கோஸ்டருக்காகத்தான் வந்ததாம்.
ஐந்து டாலரைத் திருப்பி நீட்டினேன்.
வாங்கவில்லை.
"இருட்டும் வரை இந்த இடம் எங்களுடையதுதானே?"

பின்கதவைத் தூக்கிவிட்டு, கால்களைத் தொங்கப்போட்டு
வியர்த்துப்போன சாண்ட்விச் தின்றார்கள்.
மரங்களுக்கு மேலே பெட்டிகள் ஏறும்போதெல்லாம்
பையன் இரண்டு கைகளையும் தூக்கினான்.
அவை விழும்போது
வேன் குலுங்கக் கத்தினான்.
ஏழாவது முறை அப்பாவும்.

இன்று காலை
புல்லில் ஒரு கறுப்புச் சொட்டு எண்ணெய்,
ரொட்டித் துணுக்குக்கு இரண்டு கடற்பறவைகள்.
முதலில் வந்த காரை
கொஞ்சம் தள்ளி விடச் சொன்னேன்.
ஏனென்று அவரும் கேட்கவில்லை.