கேள்வி பதினேழு

நாற்பத்திரண்டு படிவம் கொடுத்தேன்.
முப்பத்தொன்று திரும்பி வந்தது,
ஒன்றில் சாம்பார்க் கறையோடு.

'ஆராய்ச்சி என் தொழிலுக்கு இன்றியமையாதது.'
முழுமையாக ஏற்கிறேன்:
ஆசிரியர்கள் ஒன்பது பேரும்.
'கடந்த ஓராண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையாவது
முழுதாகப் படித்தேன்.'
இங்கே பேனா கொஞ்சம் தயங்கியிருக்கிறது.
டிக் போட்டு, போட்டதை அடித்து,
பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்த தடம்.

இரண்டாமாண்டு மொத்தமும் நடுக்கட்டம்.
ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.
மேலிருந்து கீழே ஒரே இழுப்பு.
கேண்டீன் மூட நாலு நிமிஷம் இருக்கையில்
நீட்டியது என் தப்பு.

மெட்டில்டா மேடம் மட்டும்
'ஆராய்ச்சிக்கு எனக்கு நேரமில்லை' என்ற பதினேழாவதில்
எந்தக் கட்டத்தையும் தொடாமல்
ஓரத்தில் எழுதியிருந்தார்:
எட்டரையிலிருந்து ஒன்று வரை ஓ.பி.
அப்புறம் வகுப்பு.
அப்புறம் பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி.
நீயே டிக் போட்டுக்கொள்.

மென்பொருள் ஒன்று முதல் ஐந்து வரைதான் தின்னும்.
'விடுபட்டது என்று போடு' என்றார் வழிகாட்டி.
போட்டேன். தொண்ணூற்றொன்பது.

மறுநாள் வார்டில் முனிரத்தினம்,
காசிமேட்டில் ஐஸ் உடைத்த கை,
மூன்று மாதமாய் அவர் பேச்சைக் கேட்பதில்லை.
'ஆக்குபேஷனல்னு போட்டிருக்கே,
வேலை வாங்கித் தருவியாம்மா?'
என்று முதல் நாள் கேட்டவர்.
இப்போது சட்டையின் இரண்டாவது பொத்தானோடு
மல்லுக்கட்டுகிறார்.

மேடம் உதவப் போகவில்லை.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்,
பழைய மருந்துச் சீட்டின் முதுகில் ஏதோ குறித்தார்,
கோட்டுப் பைக்குள்ளிருந்து
ரப்பர் பேண்ட் போட்ட கட்டொன்றை எடுத்து
அதில் செருகினார்.
பெரிய கட்டு.

'மேடம், இதெல்லாம் எத்தனை வருஷமா?'
'எதெல்லாம்?'
நிஜமாகவே விளங்காத முகம்.
அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பொத்தான் துளைக்குள் விழுந்தது.
முனிரத்தினம் மூச்சு வாங்கிக்கொண்டு
என்னைக் கேட்டார்:
'எவ்ளோ ஆச்சு? திங்கக்கிழமையவிடக் கம்மியா?'

நான் பார்த்திருக்கவில்லை.

அவருக்கு யாரும் படிவம் தரவில்லை.
தந்திருந்தாலும் பேனா பிடிக்க
இன்னும் ஆறு வாரமாவது ஆகும்.

வெள்ளிக்கிழமை பைண்டிங்.
திருவல்லிக்கேணிக் கடையில்
தங்க எழுத்துக்கு நாற்பது ரூபாய் கூட.
இருபத்து மூன்றாம் வரிசையில்
அந்தத் தொண்ணூற்றொன்பதை அழித்தேன்,
திரும்பப் போட்டேன்,
மறுபடி அழித்துவிட்டு
மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன்.