நாலரை மணி மிஸ்ட் கோல்

நாலரைக்கு போன் ஒருதரம் அடிக்கும்.
எடுக்கக் கூடாது, எடுத்தால் காசு.
வெட்டினால் அர்த்தம்: எழும்பிட்டேன்,
குளிசை வாய்க்குள்ளே.
வெள்ளவத்தையில் ஒரு கடைக் குசினியில்
மாப் பிசைந்த கையோடு
கிருபா அதைப் பார்த்துக்கொள்வான்.

பொட்டு அளவு வெள்ளைக் குளிசை,
பச்சைத்தண்ணியோடு, வெறும் வயிற்றில்.
பிறகு ஒரு மணித்தியாலம் ஒன்றும் ஆகாது,
தேத்தண்ணியும் ஆகாது என்றார் கிளினிக் மிஸ்.
சிரித்துவிட்டேன்.
பதினெட்டு வயதிலிருந்து கொழுந்து பறிக்கிறவளிடம்
இதுவரை யாரும் சொன்னதில்லை அப்படி.

லயத்தின் நடுச்சுவர் கூரைவரை போவதில்லை.
அந்தப் பக்கம் பரிமளாக்கா கேத்தல் வைப்பாள்.
இஞ்சி தட்டும் சத்தம் முதலில் வரும்,
அப்புறம் வாசம்.
என் நாக்குக்கு மட்டும் தனி விரதம்,
எந்தச் சாமிக்கென்று தெரியாத விரதம்.

போன தடவை மூன்றாம் மாதத்தில் கரைந்தது.
பாரம் தூக்கினாய் என்றார்கள்,
அந்தியில் ஓடை தாண்டினாய் என்றார்கள்.
முடி கொட்டியதும்
வெயிலில் நின்றும் குளிர்ந்ததும்
ஏற முடியாமல் பாதி மலையில் குந்தியதும்
சோம்பேறி என்று கங்காணி போட்ட அரைப்பேரும்
ஒரே இடத்துக் கோளாறு என்று
தொண்டையைத் தொட்டுப் பார்த்த டொக்டர்தான் சொன்னார்.
கரைந்ததும் அதனால் இருக்கலாம் என்றார்.
இருக்கலாம். அந்த ஒரு சொல்லோடு
பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன்.

மாதம் ஒருதரம் டிக்கோயாவுக்கு,
ஒரு நாள் பேரை விட்டு, ரத்தம் கொடுக்க.
முதல் துண்டில் எட்டுச் சொச்சம்:
ஒரு குளிசை ஒன்றரையானது.
அடுத்ததில் ஐந்து.
நேற்று இரண்டு.
எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.
தராசில் எண் இறங்கினால்
தண்ணிக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு,
கடைசியில் நம் சம்பளம்தான் இறங்கும்.
மிஸ்ஸோ, "ஹொந்தய், ஹொந்தய்" என்று
கொப்பியில் வட்டம் போட்டார்.
குறைந்ததற்காக நான் சந்தோஷப்பட்ட
முதல் கணக்கு அது.

இரும்புக் குளிசை மத்தியானச் சோற்றுக்குப் பிறகு.
இரண்டும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாதாம்,
கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி
நாலு மணித்தியாலம் தள்ளி உட்காரவேண்டும்.

இன்றைக்குப் போன் அடிக்கவில்லை.
அவனுக்குக் காய்ச்சலோ, இரவு வேலை நீண்டதோ.
நாலு முப்பத்தைந்துக்கு நானே எழும்பி
விழுங்கினேன்.
விழுங்கிவிட்டு அவனுக்கு அடித்தேன்.
இரண்டு மணி போனது,
வெட்டினான்.
சுவருக்கு அந்தப் பக்கம்
இஞ்சி தட்டத் தொடங்கியது.