நிர்வாகியின் அனுமதி தேவை

வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குப் போகவேண்டிய
மூட்லி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை.
தலைப்பில் வைக்க ஒரு பிள்ளையார் வேண்டும்,
காசு கேட்காத பிள்ளையார்.
தேடினேன். கிடைத்தார்.
அவரைத் திறக்க ஒரு சின்ன மென்பொருள் வேண்டுமாம்.
‘அடுத்து’ ‘அடுத்து’ ‘சம்மதம்’ என்று
படிக்காமல் அழுத்திக்கொண்டே போனேன்,
அன்றைக்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதுபோல.

பிள்ளையார் வரவில்லை.
அவர் இடத்தில் ஒரு பச்சைப் பட்டை
திரையின் நெற்றியில் குறுக்கே படுத்துக்கொண்டு
எதைக் கேட்டாலும் சூதாட்டக் கடைக்கே வழி சொல்கிறது.
முருங்கைக்கீரை என்றால் சூதாட்டம்.
டர்பன் வானிலை என்றால் சூதாட்டம்.
‘உங்கள் கணினியில் நூற்றுப்பதினேழு பிழைகள்’ என்று
கீழ்மூலையில் ஒருத்தி மணி அடிக்கிறாள்;
தீர்த்துவைக்க நானூறு ராண்ட்.

பேவியூவில் எங்களுக்குக் குரங்கு புதிதல்ல.
மலைச்சரிவுப் புதரிலிருந்து விடியலில் இறங்கி
சமையலறை ஜன்னலில் கைவிட்டு
ரொட்டியை முழுசாகத் தூக்கிக்கொண்டு போகும்;
ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளும் மரியாதை கிடையாது.
குழாயைத் திருப்பி அடித்தால் ஓடும்,
கூரையைச் சுற்றி மறுபக்கம் வரும்.
இதுவும் அப்படித்தான்.
‘நீக்கு’ என்றேன்.
‘போகிறீர்களா? எங்களுக்கு வருத்தம்’ என்று
அழுகிற முகம் ஒன்றைக் காட்டிவிட்டுப் போனது.
அணைத்துத் திரும்பப் போட்டால்
வேறு பெயரில், அதே பச்சையில்.

பக்கத்து வீட்டு ரிவேஷன் சுவர்மேல் சாய்ந்து சொன்னான்:
‘ஆன்ட்டி, வேலை அட்டவணையைத் திறந்து பாருங்கள்,
தினமும் தன்னைத் தானே திரும்ப நிறுவ
அது நேரம் குறித்துவைத்திருக்கும்.’
பார்த்தேன். இருந்தது.
விடியற்காலை நான்கு பத்து.
எனக்கே அவ்வளவு ஒழுங்கு கிடையாது.
அழிக்கப் போனால் ஒரு பெட்டி எழுந்து நின்றது:
நிர்வாகியின் அனுமதி தேவை.
நிர்வாகி: பூபாலன்.

ஆறு வருஷமாக இந்த வீட்டில் இல்லாத ஆள்.
லெனேசியாவில் வேறு வீடு, வேறு குழந்தைகள்கூட.
மேசை என் காசு. திரை என் காசு.
மின்சாரக் கட்டணம், அது வந்துபோகிற நேரத்துக்கு, என் காசு.
ஆனாலும் உள்ளே, எனக்குத் தெரியாமல்,
நான் இத்தனை நாளும் விருந்தாளி.

கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.
‘என்னத்தை இறக்கித் தொலைத்தாய்?’ என்றான், பழைய குரலில்.
‘பிள்ளையாரை’ என்றேன்.
சிரித்தான்.
நான் சிரித்திருக்கக்கூடாது.
கடவுச்சொல்லுக்காகக் காத்திருந்த அந்த நொடியில்
முட்டாள்தனமாக எதையோ எதிர்பார்த்தேன்,
ஒரு தேதியை, ஒரு பெயரை.
சொன்னான்: அவனுடைய பழைய டொயோட்டாவின் எண்.
எல்லாம் பெரிய எழுத்தில், இடைவெளி இல்லாமல்.

அடித்தேன். திறந்தது.
நான்கு பத்தை அழித்தேன்.
பச்சையை வேரோடு, அதன் மூன்று பெயர்களோடு.
என்னை நிர்வாகி ஆக்கினேன்; அதற்கு ஒரு சொடுக்குதான்.
பிறகு பூபாலன்மேல் அம்புக்குறியை வைத்தேன்.
‘இந்தக் கணக்கின் கோப்புகளை
வைத்துக்கொள்ளவா, அழிக்கவா?’

எட்டு மணி. சொல்லிவைத்ததுபோல் மின்வெட்டு.
மலை முழுக்க ஒரே மூச்சில் அணைந்தது.
கீழே ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் வண்டி விளக்குகள் மட்டும்.
கேள்வி அப்படியே இருட்டுக்குள் போனது.
இரண்டரை மணி நேரம், அதற்கும் எனக்கும்.

மெழுகுவர்த்தியைத் தட்டில் ஒட்டி
மூட்லி வீட்டு மாதிரி அட்டையின் பின்புறத்தில்
பென்சிலால் நானே வரைந்து பார்த்தேன்.
வயிறு நன்றாக வந்தது. காதும்.
தும்பிக்கை மட்டும்
எத்தனை முறை அழித்துப் போட்டாலும்
வால் போலவே வந்தது.